கொடுமணல்: கல்லும் வழியும் வளர்த்த ஊர்

சென்னிமலையிலிருந்து மேற்கே 15 கிலோமீட்டர் அளவில் போனால், நொய்யலின் வடகரையில் கொடுமணல் வருகிறது. ஈரோடு மாவட்டம், பெருந்துறை வட்டம். நாலா பக்கமும் மேட்டாங்காடு, கிளுவை வேலி, வெள்வேல மரங்கள், மேயும் எருமைகள், ஓட்டு வீடுகள், காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் பக்கம் கிளம்பும் பனியன் கம்பெனி வண்டிகள். கொங்கு நாட்டில் இப்படி நூறு ஊர்களைக் காட்டலாம். ஆனால் இந்த ஊரில் மழை ஓய்ந்த மறுநாள் உழவுச் சாலில் குனிந்து பார்த்தவர்களுக்குப் பாசி கிடைத்திருக்கிறது. ஆற்றுப் பாசியோ குளத்துப் பாசியோ இல்லை. கழுத்தில் கோத்துப் போடும் பாசிமணி. சிவப்பு, பச்சை, கண்ணாடிபோல் தெளிந்த வெள்ளை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ உட்கார்ந்து தேய்த்துத் துளையிட்ட மணிகள்.

ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாகக் கோயிலில் தொடங்குவார்கள். கல்வெட்டு, தானம், ஏரி, பாளையக்காரர் என்று அது வளரும். கொடுமணலுக்கு அந்த வழி ஒத்துவராது. இந்த ஊரின் பெருங்காலம், கற்கோயில்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும். கொடுமணலை உண்டாக்கியது அரசனின் ஆணையோ ஆற்றுப் பாசனமோ அல்ல, காலுக்கடியில் இருந்த கல்லும் பக்கத்தில் ஓடிய வழியும்தான் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது.

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே மதில்போல் நிற்கிறது. அந்த மதிலில் பெரிய வாசல் ஒன்றுதான்: பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை தாழ்ந்து சமவெளியாகவே கிடக்கிறது. ஆனி, ஆடியில் கொங்கு நாட்டில் வீசும் காற்று அந்த வாசல் வழியாக வருவதுதான். காற்று வரும், மழையை மலைக்கு அப்பாலேயே இறக்கி வைத்துவிட்டு வரும். காங்கயம், சென்னிமலைச் சீமையில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவில்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. நெல்லுக்கு இது போதாது. சோளம், கம்பு, கொள்ளு, அதோடு மாடு. காங்கயம் மாட்டை உருவாக்கியது இந்த வறட்சி. கொறங்காடு என்று இங்கே சொல்கிற மேய்ச்சல் நிலம், அதில் கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை முள்வேலி என்ற ஏற்பாடு, தண்ணீரில்லாத நிலத்தை வீணாக்காமல் வைத்துக்கொள்ள மக்கள் கண்ட வழி.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. பேரூர்த் தலபுராணம் அதைக் காஞ்சி நதி என்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக 180 கிலோமீட்டர் அளவு ஓடி, ஆற்றின் பேரையே கொண்ட நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் சேர்கிறது. மழைக்காலத்தில் புரண்டு வரும், கோடையில் மணலாகக் கிடக்கும். கொடு என்றால் வளைவு. வளைந்து கிடக்கும் மணல்தான் கொடுமணல் என்று பொருள் கொள்ளலாம். ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருள் இயல்பாகவே தோன்றும்.

அந்த ஆற்றின் போக்கு முக்கியம். கணவாயின் கீழ்வாசலில் தொடங்கி கிழக்கே காவிரி வரைக்கும் அது இயற்கை போட்ட தடம். மேற்குக் கடற்கரையில் முசிறியில் இறங்கிய சரக்கோ, அங்கே ஏற்றுவதற்குக் கிழக்கிலிருந்து போன சரக்கோ, கணவாயைக் கடந்தபின் இந்தத் தடத்தை ஒட்டித்தான் போக வேண்டும். பேரூர், வெள்ளலூர், சூலூர், கொடுமணல், கரூர், உறையூர், பூம்புகார் என்று பழைய ஊர்களை வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டால் வழி தானே தெரிகிறது. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் உள்ள ஒரு கல்வெட்டு 'இராசகேசரிப் பெருவழி' என்றே ஒரு பாதையின் பெயரைச் சொல்கிறது. அது சோழர் காலத்தது, முதலாம் ஆதித்தன் காலமாகக் கொள்ளப்படுவது. கொடுமணல் ஓய்ந்து பல நூற்றாண்டு கழிந்தபின் வெட்டியது. ஆனாலும் வணிகச் சாத்துகள் காலம் காலமாக நடந்து தேய்த்த தடத்துக்குத்தான் சோழன் தன் பட்டப்பெயரைச் சூட்டியிருப்பான் என்பது என் எண்ணம். கணவாய் இடம் மாறாதவரை வழியும் பெரிதாக மாற இடமில்லை.

வழி மட்டும் இருந்தால் சத்திரம் உண்டாகும், சந்தை உண்டாகும். பட்டறை உண்டாக வேண்டுமென்றால் சரக்கு வேண்டும். அது மண்ணுக்கடியில் இருந்தது.

கொங்கு நாட்டின் அடிப்பாறை மிகப் பழையது. பூமியின் ஆழத்தில் வெந்து, மடிந்து, உருமாறிய பாறைகள். அவற்றின் பிளவுகளில் பிற்காலத்தில் உருகிய குழம்பு புகுந்து மெல்ல ஆறியது. அப்படி மெல்ல ஆறிய இடங்களில்தான் பெரிய படிகங்கள் வளரும். காங்கயத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையில் படியூர் இருக்கிறது. அங்கே பெரில் என்னும் பச்சைக்கல். சிவன்மலைப் பக்கம் நீலக்கல். வெங்கமேட்டுப் பக்கம் பளிங்கு. சென்னிமலை வட்டாரத்தில் இரும்புத் தாது. எல்லாமே கொடுமணலிலிருந்து ஒருநாள் நடைக்குள் அடங்கிவிடுகிற தூரம். இன்றைக்கும் காங்கயம், கரூர்ப் பக்கம் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது கல் கிடைத்ததாகப் பேச்சு அடிபடாத ஊர் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களும் படியூரில் பச்சைக்கல்லுக்காகத் தோண்டிப் பார்த்தார்கள். பழைய ஆட்கள் அவர்களுக்கு 2,000 ஆண்டு முந்திக்கொண்டார்கள்.

வெளியிலிருந்து வரவேண்டிய கற்களும் இருந்தன. சூதுபவளமும் அகேட்டும் குசராத்து, மராட்டியப் பக்கத்திலிருந்து வந்தன. லாபிஸ் லசூலி என்ற கருநீலக் கல் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வர வேண்டும். இவை எல்லாமே கொடுமணல் மண்ணில் கிடைத்திருக்கின்றன. உள்ளூர்க் கல் இருந்ததால் கைவினைஞர் கூடினர். கைவினைஞர் கூடியதால் வெளியூர்க் கல்லும் அவர்களைத் தேடி வந்தது. இந்த வரிசையை மாற்றிச் சொல்ல முடியாது. குசராத்துச் சூதுபவளம் இத்தனை தூரம் வந்து ஒரு வறண்ட மேட்டாங்காட்டில் இறங்குவதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊர் வெளியுலகுக்குத் தெரியவந்த விதமும் சொல்லத்தக்கது. சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தை உ.வே. சாமிநாதையர் 1904இல் பதிப்பித்தார். அதில் இரண்டு பாடல்களில், கபிலர் பாடிய 67ஆம் பாட்டிலும் அரிசில்கிழார் பாடிய 74ஆம் பாட்டிலும், கொடுமணம் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. முன்னதற்குத் தலைவன் செல்வக் கடுங்கோ வாழியாதன். பின்னதற்குப் பெருஞ்சேரல் இரும்பொறை. இரண்டிலுமே கொடுமணத்தோடு பந்தர் என்ற ஊரும் இணைந்து வருகிறது. பந்தர் முத்துக்குப் பேர்போனது. கொடுமணம் வேலைப்பாடு மிக்க அரிய கலன்களுக்குப் பேர்போனது. சேரனிடம் பரிசில் பெறப் போகும் பாணன் எதையெல்லாம் பெறுவான் என்று ஆசை காட்டுவதற்கும், அரசன் செய்த வேள்விக்காக வரவழைத்த உயர்ந்த பொருள்களின் பெருமை சொல்வதற்கும் புலவருக்கு இந்த ஊர்ப்பெயர் போதுமானதாக இருந்திருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்று நாம் சொன்னால் விளக்கம் தேவைப்படாததுபோல, கொடுமணத்துக் கலன் என்றால் அன்று கேட்டவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

நமக்குத்தான் விளங்கவில்லை. 1961இல் புலவர் செ. இராசு இந்த ஊரின் தொல்பொருள்களைக் கவனித்தார். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஊர் ஊராக நடந்து தேடியவர் அவர். பதிற்றுப்பத்தின் கொடுமணமும் கண்ணெதிரே கிடந்த கொடுமணலும் ஒன்றே என்ற எண்ணம் வலுப்பெற்றது. சிறு சோதனை அகழாய்வும் நடந்தது. ஆனால் ஊர் தன் முகத்தை முழுதாகக் காட்டியது 1985 முதல் 1990 வரை எ. சுப்பராயலு, கா. இராசன் ஆகியோர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் நடத்திய அகழாய்வுகளில்தான். பிறகு மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. 2012, 2013 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் இராசன் மீண்டும் தோண்டினார். 2020க்குப் பின்னும் வேலை தொடர்ந்தது.

மொத்தத் தொல்லிடம் 50 ஹெக்டேர் அளவு, அதாவது நூறு ஏக்கருக்கு மேல். அது இரண்டு பகுதி: ஆற்றை ஒட்டி மக்கள் வாழ்ந்த மேடு, அதை அடுத்துச் செத்தவர்களுக்கான ஈமக்காடு.

வாழ்விடத்துக் குழிகளில் கிடைத்தவற்றுள் மிகுந்த பொருளுடையவை, முழுமையடையாத மணிகள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு மணி செய்வதென்றால் முதலில் கட்டிக்கல்லிலிருந்து வேண்டிய அளவு துண்டைச் சில்லெடுக்க வேண்டும். அதைத் தட்டித் தட்டி உருவம் பிடிக்க வேண்டும். பிறகு தேய்ப்புக் கல்லில் வைத்து முனைகளை மழுக்க வேண்டும். பிறகு துளை. ஒரே பக்கத்திலிருந்து முழுக்கத் துளைத்தால் மறுபக்கம் வெளிவரும்போது கல் பிளந்துவிடும். அதனால் பாதி ஒருபுறம், பாதி மறுபுறம் என்று இரண்டு துளைகளும் நடுவில் சந்திக்க வேண்டும். கடைசியில் மெருகு. கொடுமணலில் இத்தனை கட்டங்களும் கிடைத்தன. கட்டிக்கல், சில்லு, உருவம் பிடித்த துண்டு, மெருகேறியும் துளையில்லாத மணி, ஒருபுறம் மட்டும் துளைத்த மணி, துளைக்கும்போது இரண்டாகப் போன மணி.

இரண்டாகப் போன ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் துளையின் உட்சுவர் தெரியும். துளைக்கருவி சுழன்ற வட்டக் கீறல்கள் அதில் வரிசையாக இருக்கும். மேலிருந்து இறங்கிய துளையும் கீழிருந்து ஏறிய துளையும் நூலளவு விலகி, ஒன்றையொன்று தவறவிட்டிருக்கும். ஒரு சோள மணியின் அளவுள்ள கல்லில் அந்த நூலளவு விலகல்தான் பல மணிநேர வேலையைப் பாழாக்கியது. செய்தவர் அதை ஓரமாக எறிந்தார். சரியாக வந்தவை வண்டியேறிப் போய்விட்டன. ஒரு பட்டறையூரின் பெருமைக்கு அந்த ஊரிலேயே மிஞ்சும் சான்று பெரும்பாலும் அதன் தோல்விகள்தாம். நல்ல மணிகளைத் தேடினால் கடல் கடந்துதான் தேட வேண்டும்.

கடல் கடந்த பக்கத்திலும் சாட்சி இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியர் பிளினி, பெரில் கற்கள் இந்தியாவில் விளைபவை, வேறெங்கும் அரிது என்கிறார். கடல்நீரின் பச்சையை ஒத்தவையே அவற்றுள் மேலானவை என்கிறார். இந்தியர்கள் நீண்ட பெரில்களையே விரும்புகிறார்கள், பொன்னில் பதிக்காமல் துளையிட்டு யானைமுடியில் கோக்கிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். வணிகர் வாயிலிருந்து கேட்டு எழுதினார். ஆனாலும் யானைமுடியில் கோத்தது என்ற செய்தியை ரோமாபுரியில் உட்கார்ந்து ஒருவர் கற்பனை செய்திருக்க முடியாது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த, செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வரும் வணிகருக்கான கிரேக்க வழிகாட்டி நூலொன்று, முசிறிப் பக்கத்துத் துறைகளில் ஏற்றும் சரக்குகளில் மிளகு, முத்து, தந்தம் இவற்றோடு ஒளி ஊடுருவும் பலவகைக் கற்களையும் சேர்க்கிறது. மிளகு மலைச்சரக்கு, முத்து பாண்டிக் கடற்சரக்கு. அந்தக் கற்களில் ஒரு பங்காவது படியூர் மண்ணிலிருந்து எடுத்து நொய்யல் கரையில் பட்டைதீட்டியது என்று கொள்வதில் மிகை எதுவும் இல்லை.

விலையாக வந்தது வெள்ளியும் பொன்னும். ரோமானியக் காசுப் புதையல்கள் இந்தியாவிலேயே அதிகமாகக் கிடைத்த இடங்களில் ஒன்று கொங்கு நாடு. கோவையை அடுத்த வெள்ளலூரில் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் மீண்டும் மீண்டும் காசுக்குடங்கள் அகப்பட்டன. கொடுமணலுக்குப் பக்கத்து நொய்யல் கரை ஊரான கத்தாங்கண்ணியிலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. புதைத்தவர் திரும்பி வராததால் அவை நமக்குக் கிடைத்தன.

கல்லைச் சொல்லி இரும்பைச் சொல்லாமல் விட்டால் ஊர் பாதிதான். கொடுமணலில் இரும்பை உருக்கிய உலைகளின் அடிப்பகுதிகள், கசடுக் குவியல்கள், காற்றூதும் மண்குழாய்த் துண்டுகள் கிடைத்தன. வேறோர் இடத்தில், நடுவே பெரிய உலை, சுற்றிலும் சிறு உலைகள் என்ற அமைப்பும், சூட்டில் கண்ணாடிபோல் பளபளப்பேறிய மூசைகளும் கிடைத்தன. தட்டார்கள் பொன்னை உருக்க வைத்திருக்கிறார்களே, அந்த மூசைதான். அதற்குள் இரும்புத் துண்டுகளைக் கரி தரும் விறகோடும் இலையோடும் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, நெடுநேரம் எரித்தால் இரும்பு கரியை உண்டு எஃகாகும். தென்னிந்திய எஃகுக் கொல்லர்கள் மூசைக்குள் ஆவாரம் விறகை இட்டதை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் பார்த்து எழுதினார்கள். ஆவாரம்பூ இன்றும் கொடுமணல் மேட்டாங்காட்டு ஓரங்களில் பூத்துக் கிடக்கிறது. பிற்காலத்தில் ஊட்ஸ் என்ற பெயரில் மேற்காசியா வரை பேரெடுத்த எஃகின் முன்னோர்களில் ஒன்று இந்த உலைகளில் வெந்தது.

துளைக்கருவிக்கும் இந்த எஃகுக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். கல்லறுப்பவனுக்கும் கொல்லனுக்கும் பக்கத்துப் பக்கத்தில் வேலை இருந்தால் இருவருமே கெட்டிக்காரர்கள் ஆவார்கள். நூற்புக்கும் சான்று உண்டு: சுட்ட மண்ணாலான தக்களிச் சில்லுகள் நிறையக் கிடைத்தன. நூல் நூற்பது இந்த ஆற்றங்கரைக்கு இன்று நேற்று வந்த தொழில் அல்ல.

இனி எழுத்து. கொடுமணல் பானையோடுகளில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்தவை சில நூறு. தமிழகத்தில் ஒரே ஊரில் இவ்வளவு எழுத்துள்ள ஓடுகள் கிடைப்பது அரிது. பெரும்பாலானவை பெயர்கள்: கண்ணன் ஆதன், சம்பன், சுமணன், விசாகி. சுட்டு ஆறிய பானையின் தோளில் கூரான முனையால் கீறியவை. கோணல்மாணலான எழுத்து, சிலதில் பாதியிலேயே ஓடு உடைந்திருக்கிறது. சேரன் மலையில் முனிவர்க்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தபோது பொறித்த எழுத்தைப் போல இது அதிகாரத்தின் எழுத்து அல்ல. இது என் பானை, தொடாதே என்பதற்கான எழுத்து. ஆதன், கண்ணன் தமிழ்ப் பெயர்கள். விசாகி, சுமணன் வடக்கின் சாயல் உடையவை. அவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்களோ, வடக்கின் பெயரை விரும்பி வைத்துக்கொண்ட உள்ளூராரோ, ஒரே தெருவில் இருந்திருக்கிறார்கள். ஓர் ஓட்டில் 'நிகம' என்ற சொல்லும் இருக்கிறது. வணிகக் குழுவைக் குறிக்கும் சொல் அது; மதுரைப் பக்கம் மாங்குளம் குகைக் கல்வெட்டிலும் வெள்ளறை நிகமத்தார் வருகிறார்கள். கொடுமணலில் இருந்தவர்கள் தனித்தனியே பாசி விற்ற சிறு கைவினைஞர்கள் மட்டுமல்லர், கூட்டாக வாணிகம் செய்த அமைப்பும் அவர்களிடையே இருந்தது என்பதற்கு அந்த ஓர் ஓடு போதும்.

இந்த ஓடுகளின் காலம் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் தமிழ் பிராமியின் தொடக்கத்தை அசோகருக்குப் பின்னே வைத்தார். 2012-13 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுகளின் கதிரியக்கக் கணிப்பு கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கி.மு. 200 வரை வந்தபோது, எழுத்து அசோகருக்கு முந்தியது என்றார் இராசன். பழனி அருகே பொருந்தலில் எழுத்துள்ள தாங்கியோடு ஒரே கல்லறையில் இருந்த நெல்லின் கணிப்பும் கி.மு. 490 என்று வந்திருந்தது. எதிர்ப்பவர்கள், மண்ணடுக்கில் பொருள் இடம் மாறியிருக்கலாம் என்கிறார்கள். வாதம் நடக்க வேண்டியதுதான். ஆனால் தமிழ் எழுத்து எவ்வளவு பழையது என்ற ஒரே கேள்விக்குள் கொடுமணலை அடைத்துவிடுவது இந்த ஊருக்குச் செய்யும் அநீதி. எழுத்தை யார் எழுதினார்கள் என்பதே அதைவிடப் பெரிய கேள்வி. கல்லறுத்தவர்களும், இரும்பு உருக்கியவர்களும், அவர்களோடு வாணிகம் செய்தவர்களும் வாழ்ந்த தெருவில், அன்றாடம் புழங்கும் பானையில் எழுத்து இருக்கிறது. அரண்மனையில் தொடங்கிக் கீழே இறங்கிய கல்வி என்ற நம் வழக்கமான படம் இங்கே பொருந்தவில்லை.

ஊரை அடுத்த ஈமக்காட்டில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வட்டங்கள் உள்ளன. பெரிய பலகைக்கற்களை நிறுத்தி அறையாக்கிய கல்பதுக்கை, ஒரு பலகையில் இடுதுளை, மேலே மூடுகல், சுற்றிலும் உருண்டைக் கற்களால் வட்டம், சிலவற்றின் அருகே ஆளுயரத்தை மீறும் குத்துக்கல். உள்ளே எலும்போடு கருப்பு-சிவப்புப் பானைகள், நான்கு காலுள்ள சாடிகள், வாள், ஈட்டி, குதிரைச் சேணத்து இரும்புகள். ஒரே கல்லறையில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. வெண்கலத்தில் வார்த்து, சூதுபவளமும் நீலக்கல்லும் மாறி மாறிப் பதித்த ஒரு சிறு புலியும் இங்கேதான் கிடைத்தது. உடலின் வரிகள் கற்களாலேயே ஆனவை. பதித்த சூதுபவளம் வெளியூர்க் கல், நீலம் சிவன்மலைப் பக்கத்துக் கல். இரண்டையும் ஒரே புலியின் முதுகில் சேர்த்துப் பார்த்த கண் கொடுமணல் கண்.

விற்றால் பொன் வரும் என்று தெரிந்தும், 2,000 மணிகளைச் செத்தவரோடு மண்ணில் வைத்த மனத்தை நினைத்துப் பார்க்கிறேன். வணிகர் ஊர் என்றால் இலாபக் கணக்கு மட்டும் தெரிந்த ஊர் என்று எண்ணிவிடக் கூடாது.

அதே வழியில் கிழக்கே இருந்த கரூர் சேரர் தலைநகர். அங்கே அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டான் மலைக் கல்வெட்டில் சேர மன்னர் மூன்று தலைமுறைப் பெயர்கள் வருகின்றன. அதே மலைக் கல்வெட்டுகளில் கருவூர்ப் பொன்வணிகன் ஒருவனும் வருகிறான். வழியின் மேற்கில் கல் அறுக்கும் ஊர், கிழக்கில் பொன்வணிகர் இருக்கும் தலைநகர். கொடுமணலை அரசு உண்டாக்கவில்லை. ஆனால் அதன் விளைவை அரசு நன்றாகவே உண்டது.

கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளோடு ஊர் மங்கிவிட்டது. ரோம வாணிகம் சுருங்கியது, முசிறியின் கப்பல்கள் குறைந்தன, கரூரின் சேரர்கள் மறைந்தார்கள். கல் மண்ணிலேயே இருந்தது, வாங்க ஆளில்லை. நீர்ப்பாசனத்தை நம்பிய ஊர் என்றால் அரசுகள் மாறினாலும் நெல் விளைந்துகொண்டே இருக்கும். தஞ்சைப் பக்கத்து ஊர்கள் அப்படித்தான் பிழைத்தன. கொடுமணலுக்கு அந்தத் தாங்கல் இல்லை. வாணிகம் போனதும் பட்டறைக்காரர்கள் போனார்கள். நிலம் சோளத்துக்கும் மாட்டுக்கும் திரும்பியது. ஊரின் பெயர் மட்டும் ஓரெழுத்து மாறி நின்றுகொண்டது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டு ஒரு பெயரை வாய்மொழியிலேயே காத்து வைத்த உழவர்களும் மாடு மேய்த்தவர்களும் செய்தது சிறிய வேலை அல்ல. அந்தப் பெயர் அழிந்திருந்தால் பதிற்றுப்பத்தையும் இந்த மேட்டையும் இணைக்க நமக்கு நூலே இருந்திருக்காது.

அந்த உழவர்களின் பிள்ளைகளுக்கு நம் காலம் கொடுத்தது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். மேல்போக்கில் திருப்பூர் வளர்ந்தது. 1980களுக்குப் பின் பனியன் ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் பெருகின. சாயம் தோய்த்த உப்புத் தண்ணீர் நொய்யலில் இறங்கியது. கொடுமணலை ஒட்டி ஒரத்துப்பாளையத்தில் அணை ஒன்று கட்டி முடித்தார்கள்; 1992இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்கென்று கட்டியதில் சாயக்கழிவு தேங்கியது. திறந்துவிட்டால் கீழே உள்ள நிலம் கெட்டது, தேக்கி வைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் உப்பேறின. இளநீரே கரிக்கிறது என்று இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொன்னது கதையல்ல. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைகள் பின்னர் சுத்திகரிப்பு நிலையங்களோடு திறந்தன. உப்பேறிய மண் ஓர் உத்தரவில் திரும்பாது.

வாணிகம் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. கடல் கடந்த ஏற்றுமதியும் புதிதல்ல. நூற்றாண்டுக் கணக்காக இங்கே உலை எரிந்தது, கல் உடைந்தது, அந்தக் கழிவும் ஆற்றங்கரையில்தான் கொட்டியது. அந்தக் கசடும் கல்சில்லும் இன்று நமக்குச் சான்றாக இருக்கின்றன. அதன்மேல் சோளம் விளைகிறது. நம் காலத்துக் கழிவின்மேல் சோளம் விளையவில்லை. இந்த வேறுபாட்டை ஆற்றங்கரை ஊர்கள் உடம்பால் அறிந்தவை.

ஈமக்காடும் ஆபத்தில்தான் இருக்கிறது. கல்வட்டத்துக் கற்கள் பல தலைமுறையாக வரப்புக்கும் வேலிக்கும் போயிருக்கின்றன. அதை உழவர் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் காட்டில் ஏர் ஓட்ட முடியாமல் கிடந்த கல்லை அவர் ஒதுக்கினார். அது என்ன கல் என்று அவருக்குச் சொல்ல நாம் போகவில்லை. ஆதிச்சநல்லூரில் தொல்லிட அருங்காட்சியகத்துக்கு வேலை தொடங்கியது, கீழடியில் அருங்காட்சியகம் எழுந்து 2023இல் திறந்துவிட்டது. கொடுமணல் பாசிகளோ எடுத்த நிறுவனங்களின் கிடங்குகளிலும் காட்சிப் பெட்டிகளிலும் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. அந்தப் புலியைப் பார்க்கக் கொடுமணல் பிள்ளைகள் வெளியூருக்குப் பேருந்து ஏற வேண்டும்.

இத்தனை முறை தோண்டியும் திறந்து பார்த்தது தொல்லிடத்தின் சிறு பங்குதான். மீதி நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் கீழே இருக்கிறது. ஐப்பசி மழை கனத்துப் பெய்து, மறுநாள் வெயில் சாய்வாக விழும் நேரத்தில், ஆடு மேய்க்கப் போகும் யாரேனும் ஒருவர் உழவுச் சாலில் செம்மண் ஒட்டிய ஒரு பச்சைப் பாசியை எடுத்து எச்சில் தொட்டுத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். துளை வழியாக வானம் தெரிந்தால் அது முடித்த மணி. தெரியாவிட்டால், பாதியில் நின்றது.